ஐம்பது பேர் ஊருக்கு ஏன் சுவர்? மோட்லராய்ட் கிராமத்தின் நிலமும் வரலாறும்

கேள்வி இதுதான்: ஜெர்மனியில் மோட்லராய்ட் என்று ஏறக்குறைய ஐம்பது பேர் மட்டும் வாழும் ஒரு கிராமம் இருக்கிறது. அதைக் "குட்டி பெர்லின்" என்கிறார்கள். அத்தனை சிறிய ஊருக்கு நடுவே சுவர் எழுப்ப வேண்டிய அவசியம் என்ன? 1990இல் கிழக்கு, மேற்கு ஜெர்மனிகள் ஒரே நாடான பிறகும் அந்த ஊர் ஏன் இரண்டு மாநிலங்களில் இருக்கிறது?

ஊரைப் பிரிக்கும் கோடு கிழக்கு ஜெர்மனியைவிட மிகப் பழையது. கிழக்கு ஜெர்மனி அதன்மேல் முதலில் வேலியும் பிறகு சுவரும் எழுப்பியது. அந்த அரசு போனதும் சுவர் போயிற்று. கோடு அப்படியே நின்றுவிட்டது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இந்த ஊரைப் பற்றித் தப்பும் தவறுமாக நிறைய எழுதப்படுகிறது.

முதலில் இடம். ஜெர்மனி வரைபடத்தில் பெர்லினையும் மியூனிக்கையும் ஒரு கோட்டால் இணைத்தால், ஏறக்குறைய நடுவில் ஹோஃப் என்ற நகரம் வரும். அங்கிருந்து வடக்கே சாலை வழியாகச் சுமார் 15 கிலோமீட்டரில் மோட்லராய்ட். சுற்றுவட்டாரம் முழுக்கக் கடல் மட்டத்திலிருந்து 500 முதல் 600 மீட்டர் உயரமுள்ள அலையலையான மேட்டுநிலம். ஊசியிலைக் காடு, புல்வெளி, தானிய வயல் என மாறி மாறி வரும். குளிர் கடுமை. ஹோஃப் பகுதியைப் "பவேரியாவின் சைபீரியா" என்று ஜெர்மானியர்களே கேலி செய்வதுண்டு. இடைக்காலத்தில் காட்டை வெட்டித் திருத்தி உருவான குடியிருப்புகள் இங்கே நிறைய. பெரிய நகரமோ அகலமான ஆறோ இல்லாததால், படைகளும் வணிகர்களும் கடந்து போகும் நாடாகவே இது பல காலம் இருந்தது.

ஊருக்கு நடுவே ஓடுவது டான்பாக் என்ற ஓடை. ஆறு என்றெல்லாம் நினைத்துவிட வேண்டாம். பல இடங்களில் ஒரு எட்டில் தாண்டிவிடலாம். மேற்கு நோக்கி ஓடி, ஹிர்ஷ்பெர்க் பக்கம் சாலே ஆற்றில் சேர்கிறது. சாலே எல்பே ஆற்றிலும், எல்பே வட கடலிலும் கலக்கின்றன. ஓடைக்கு வடக்கே உள்ள வீடுகள் துரிங்கியா மாநிலம், தெற்கே உள்ளவை பவேரியா. வடக்குப் பகுதி கெஃபெல் நகராட்சிக்கும் சாலே-ஓர்லா மாவட்டத்துக்கும் உட்பட்டது. தெற்குப் பகுதி டோப்பன் ஊராட்சிக்கும் ஹோஃப் மாவட்டத்துக்கும் உட்பட்டது. மோட்லராய்ட் எந்தக் காலத்திலும் தனி ஊராட்சியாக ஒன்றாக இருந்து பிறகு பிரிந்த ஊர் அல்ல என்பதை இங்கேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நிர்வாகத்தில் அது நெடுங்காலமாகவே இரண்டு. வாழ்க்கையில்தான் ஒன்று.

இப்படி ஓர் ஓடை எல்லையானதற்குப் பழைய ஜெர்மனியின் அமைப்பே காரணம். 1871க்கு முன்னால் ஜெர்மனி என்று ஒரே நாடு கிடையாது. பெரிய அரசுகள், சிறு சிற்றரசுகள், திருச்சபை நிலங்கள், தனி நகரங்கள் என்று துண்டு துண்டாகக் கிடந்தது. இந்த மூலையில் ஓடைக்குத் தெற்கே பைராய்ட் சிற்றரசு. வடக்கே ராய்ஸ் குடும்பத்தின் நிலம். ராய்ஸ் வினோதமான குடும்பம். பிறக்கும் ஆண் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஹைன்ரிஷ் என்றே பெயர். ஆளை அடையாளம் காண எண் மட்டும்தான். குடும்பத்தில் மூத்த கிளை, இளைய கிளை என்று இரண்டு. மோட்லராய்டின் வடகரை இளைய கிளையின் கையில் இருந்தது. பக்கத்தில் உள்ள கெஃபெல்லோ 1815இல் பிரஷ்யாவுக்குப் போய், சுற்றிலும் வேறு அரசுகள் சூழத் தனித்தீவாகக் கிடந்தது. ஒரு மணி நேரம் நடந்தால் மூன்று அரசுகளின் மண்ணை மிதித்துவிடலாம் என்ற நிலை.

தெற்குக் கரை நெப்போலியன் காலத்தில் கைமாறிக்கொண்டே இருந்தது. பைராய்டின் கடைசிச் சிற்றரசர் பதவி துறந்ததும் 1792இல் நிலம் பிரஷ்யாவுக்குப் போனது. 1806இல் நெப்போலியனிடம் பிரஷ்யா தோற்றதும் பிரெஞ்சுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1810இல் நெப்போலியன் அதைப் பவேரியா அரசுக்கு விலைக்கு விற்றார். புது உரிமையாளர் வந்தால் முதல் வேலை அளந்து கல் நடுவதுதானே. அந்த ஆண்டு ஓடையோரம் எல்லைக்கற்கள் நடப்பட்டன. பவேரியா அரசு, ராய்ஸ் சிற்றரசு இரண்டின் முதலெழுத்துகளும் அவற்றில் பொறிக்கப்பட்டன. இந்தக் கற்களை இன்றும் பார்க்கலாம். ஊரில் பலரும் படம் பிடிப்பது சுவரை. என்னைக் கேட்டால், வரலாற்று மதிப்பு இந்தக் கற்களுக்குத்தான் கூடுதல்.

கல் நட்டதால் ஊர்க்காரர்களுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. 1834 முதல் சுங்க ஒன்றியம் வந்ததால் ஜெர்மானிய அரசுகளுக்கு இடையே வரி கட்டும் தொல்லையும் குறைந்தது. 1871க்குப் பிறகு இரு கரையும் ஒரே பேரரசு. முதல் உலகப் போர் முடிந்து மன்னர்கள் போனதும், ராய்ஸ் நிலம் 1920இல் புதிதாக உருவான துரிங்கியா மாநிலத்தில் சேர்ந்தது. தென்கரை பவேரியாவிலேயே நீடித்தது. பள்ளிக்கூடமும் மதுக்கடையும் வடகரையில். தேவாலயத்துக்கு எல்லாரும் தெற்கே டோப்பனுக்குப் போவார்கள். கல்யாணம், கருமாதி, வயல் வேலை எல்லாம் ஓடையைத் தாண்டித்தான் நடந்தன. வரி கட்டும் அலுவலகம் வேறு என்பதைத் தவிர அந்த எல்லைக்கு வேறு பொருள் இருந்ததில்லை.

விஷயம் தலைகீழானது லண்டனில். 1944 செப்டம்பர் 12 அன்று அமெரிக்கா, பிரிட்டன், சோவியத் ஒன்றியம் மூன்றும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. தோற்கப்போகும் ஜெர்மனியை எப்படிப் பங்கிட்டுக் கண்காணிப்பது என்பதே அதன் பொருள். நிலத்தைப் போய் அளந்து புதுக்கோடு போட யாருக்கும் நேரமில்லை. ஆகவே ஏற்கெனவே இருந்த மாநில, மாகாண எல்லைகளையே எடுத்துக்கொண்டார்கள். துரிங்கியா சோவியத்துக்கு, பவேரியா அமெரிக்காவுக்கு. லண்டனில் மேசைமேல் வரைபடத்தைப் பார்த்தவர்களுக்கு அது நேர்த்தியான ஏற்பாடு. தரையில் அந்தக் கோடு எங்கே போகிறது என்று பார்த்தால், சில இடங்களில் வயலுக்கு நடுவே, சில இடங்களில் வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடுவே, மோட்லராய்டில் ஒரு ஊருக்கு நடுவே. இரண்டு வல்லரசுகளின் எல்லை பழைய ராய்ஸ் சிற்றரசின் எல்லைக்கல்லில் வந்து நின்றது இப்படித்தான்.

1945 வசந்தத்தில் முதலில் வந்தது அமெரிக்கப் படை. அது துரிங்கியாவையும் பிடித்திருந்தது. ஒப்பந்தப்படி ஜூலைத் தொடக்கத்தில் துரிங்கியாவை விட்டு விலக, சோவியத் படை உள்ளே வந்தது. சில காலம் சோவியத் வீரர்கள் ஓடையின் தென்கரையிலும், அதாவது பவேரியப் பகுதியிலும், இருந்தார்கள். பிறகுதான் வடகரைக்குப் பின்வாங்கினார்கள். அப்போதும் ஊர்க்காரர்கள் அனுமதிச் சீட்டோடு போய் வந்தார்கள். வடகரைப் பள்ளிக்குத் தென்கரைப் பிள்ளைகள் போனார்கள். 1949இல் மே மாதம் மேற்கு ஜெர்மனியும் அக்டோபரில் கிழக்கு ஜெர்மனியும் பிறந்தபோது, ஓடை நாட்டு எல்லையாகிவிட்டது. பேச்சு வழக்கில் "1945இல் பிரிந்த ஊர்" என்பார்கள். அடைபட்ட ஆண்டு 1952 என்பதே சரி.

1952 மே 26 அன்று கிழக்கு ஜெர்மன் அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. எல்லையை ஒட்டி 10 மீட்டர் அகலத்துக்கு மண்ணை உழுது புல்பூண்டு இல்லாமல் வைக்க வேண்டும். யார் மிதித்தாலும் கால்தடம் தெரியும். அதற்கு உள்ளே 500 மீட்டர் பாதுகாப்புப் பட்டை. அதற்கும் உள்ளே 5 கிலோமீட்டர் தடை மண்டலம். மோட்லராய்டின் வடகரை முழுவதும் 500 மீட்டர் பட்டைக்குள் விழுந்தது. அங்கே சூரியன் உதித்த பிறகு வெளியே வரலாம். மறைவதற்குள் வீட்டுக்குள் போய்விட வேண்டும். மதுக்கடை, விடுதி போன்றவற்றை மூட வேண்டும். வெளியூர் உறவினர் சிறப்பு அனுமதி இல்லாமல் வரக் கூடாது. அனுமதி கிடைப்பதும் அரிது. அதே ஆண்டில் ஓடையோரம் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பலகை வேலி எழுந்தது. பெர்லின் சுவருக்கு இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருந்தன. அதனால் பெர்லினைப் பார்த்து இங்கே செய்தார்கள் என்று சொல்வது காலக்கணக்கில் தவறு.

வேலியோடு ஆள் அகற்றமும் நடந்தது. 1952 ஜூனில் எல்லைப் பகுதி முழுவதிலும் "நம்பத் தகாதவர்கள்" என்று முத்திரை குத்தப்பட்ட குடும்பங்களை வீடு வாசலை விட்டு உள்நாட்டுக்கு அனுப்பினார்கள். அந்த நடவடிக்கைக்கு அதிகாரிகள் வைத்த பெயர் "பூச்சிகள்". 1961 அக்டோபரில் இன்னொரு சுற்று. இரண்டிலுமாக 11,000க்கு மேற்பட்டோர் பெயர்க்கப்பட்டார்கள். மேற்கு உறவுகளோடு பேசியது, நிலம் நிறைய வைத்திருந்தது, கூட்டுப்பண்ணையை எதிர்த்தது, சில வேளை பக்கத்து வீட்டுக்காரரின் பொறாமை எல்லாம் காரணமாக எழுதப்பட்டன. மோட்லராய்ட் தப்பிப் பிழைத்த ஊர் என்றே சொல்ல வேண்டும். துரிங்கியாவின் தெற்கு எல்லையில் பில்முட்ஹவுசன் என்ற கிராமம் எல்லைக்கு மிக நெருக்கமாக இருந்த குற்றத்துக்காகவே 1978இல் முற்றிலும் தரைமட்டமாக்கப்பட்டது.

இனி சுவர். பலகை வேலிக்குப் பிறகு முள்வேலி வந்தது. 1966இல் கான்கிரீட் சுவர்: நீளம் சுமார் 700 மீட்டர், உயரம் 3.3 மீட்டர். 1,393 கிலோமீட்டர் நீளமுள்ள கிழக்கு–மேற்கு எல்லையின் பெரும்பகுதியில் சுவர் கிடையாது; உலோகக் கண்ணி வேலிதான். சுவர் செலவு பிடிக்கும் பொருள். பிறகு ஏன் இங்கே? வேலி ஆளைத் தடுக்கும், கண்ணைத் தடுக்காது. வயல்வெளியில் அது போதும். ஒரே ஊரின் வீடுகள் எதிரெதிரே இருக்கும் இடத்தில் அண்ணன் தம்பி கையசைப்பார்கள், சாடை காட்டுவார்கள், பண்டிகைக்கு வாழ்த்துச் சொல்வார்கள். பார்வையை மறைக்கத்தான் சுவர். கீழ் சாக்சனியை ஒட்டிய பேக்விட்ஸ் கிராமத்திலும் இதே காரணத்துக்காகச் சுவர் எழுந்தது. மோட்லராய்டில் வடகரைக்காரர்கள் தெற்கே பார்த்துக் கையசைப்பது தடை. தென்கரைக்காரர்கள் கையசைக்கலாம், பதில் வராது.

சுவர் எல்லைமீது நிற்கவில்லை என்பது வருகிறவர்கள் பெரும்பாலும் தவறவிடும் நுணுக்கம். எல்லை ஓடையருகே, சுவர் அதிலிருந்து சில மீட்டர் உள்ளே, கிழக்கு ஜெர்மன் மண்ணில். காரணம் எளிது: பராமரிக்க, வெள்ளையடிக்க, வெளிப்பக்கம் சோதிக்க அவர்களுக்கு இடம் வேண்டும். ஆகவே தெற்கிலிருந்து பார்த்தால் சுவருக்கு முன்னால் உள்ள புல்தரையும் கிழக்கு ஜெர்மனிதான். சுவரில் சிறு கதவுகள் உண்டு. அவற்றின் வழியாக எல்லைப் படையின் கண்காணிப்பாளர்கள் வெளியே வருவார்கள். சுவர் வரைக்கும் நம் நாடு என்று நினைத்து ஓடையைத் தாண்டிய மேற்கத்திய உல்லாசப் பயணி பிடிபடும் ஆபத்து இருந்தது. இந்தத் தவறு நடக்காதிருக்க பவேரியப் பக்கத்தில் எச்சரிக்கைப் பலகைகளும் வெள்ளை-நீலக் கம்பங்களும் வைத்திருந்தார்கள். கிழக்குக் கம்பங்கள் கறுப்பு-சிவப்பு-பொன் வரிகளோடு இருக்கும்.

தெற்கிலிருந்து வடக்கே போனால் அடுக்குகள் இப்படி: ஓடை, புல்தரை, சுவர், அதன் பின்னால் சீவி வைத்த மண்பட்டை, துளையிட்ட கான்கிரீட் பலகைகள் இரண்டு வரிசையாகப் பதித்த ரோந்துப் பாதை, விளக்குக் கம்பங்கள், காவற்கோபுரம், இன்னும் உள்ளே தொட்டால் அலறும் எச்சரிக்கை வேலி. ரோந்துப் பாதையின் பலகைகளில் ஓட்டை ஏன் என்று பலர் கேட்பார்கள். மழைநீர் இறங்கவும், புல் வேர் பிடித்துப் பலகை நகராமல் இருக்கவும்தான். ஊருக்கு வெளியே திறந்த வெளிகளில் வண்டி தாண்டாமல் இருக்கப் பள்ளம் வெட்டி ஒரு பக்கம் கான்கிரீட் பாவினார்கள். எல்லையின் பல பகுதிகளில் கண்ணிவெடி புதைத்தார்கள். வேலியில் தானாகச் சுடும் கருவிகளும் 1970களில் பொருத்தப்பட்டன. அவை 1984 முடிவதற்குள் கழற்றப்பட்டன. அரண்களின் அமைப்பு எந்தப் பக்கம் நோக்கியது என்று கவனித்தால் இவை மேற்கத்திய எதிரியைத் தடுக்கத்தான் என்ற கிழக்கு ஜெர்மன் அரசின் வாதம் சரிந்துவிடும். பள்ளத்தின் செங்குத்தான பக்கம் மேற்கிலிருந்து வரும் எதிரிக்கு அல்ல, கிழக்கிலிருந்து வரும் வண்டிக்குத் தடை.

மோட்லராய்ட் சுவரை நேரடியாகத் தாண்டித் தப்பியவர் ஒருவர்தான். 1973 மே 25 அன்று, எல்லைப் பகுதிக்குள் வண்டி ஓட்ட அனுமதி பெற்றிருந்த 34 வயது ஓட்டுநர், வண்டியைச் சுவரோரம் நிறுத்தி ஏணி வைத்து ஏறிக் குதித்துவிட்டார். தொழில்நுட்பத்தை எல்லாம் மீறியது ஓர் ஏணி. ஆனால் அந்த ஏணி வேலை செய்ததற்குக் காரணம் அனுமதிச் சீட்டு. அது இல்லாதவர் சுவர் கண்ணில் படும் தூரத்துக்கே வர முடியாது. 5 கிலோமீட்டர் மண்டலத்தின் உண்மையான பயன் அதுதான்.

1972 டிசம்பரில் இரு ஜெர்மனிகளும் உறவுகளைச் சீராக்கும் ஒப்பந்தம் செய்தன. அடுத்த ஆண்டிலிருந்து இருதரப்பு எல்லைக் குழு ஒன்று கோட்டை அளந்து குறித்தது. ஓடைகளைத் தூர்வாருவது, வெள்ளச் சேதம் போன்றவற்றையும் பேசித் தீர்த்தது. எல்லையோர மேற்கு மாவட்டக்காரர்கள் கிழக்கே போய்வரவும் வழி பிறந்தது. கேட்க நன்றாக இருக்கும். மோட்லராய்டுக்கு அதில் பயன் மிகக் குறைவு. அனுமதி கிழக்கு மாவட்டங்களுக்குத்தான். எல்லையை ஒட்டிய தடை மண்டலத்துக்கு இல்லை. அண்ணன் வீடு ஐம்பது மீட்டரில் இருந்தாலும், நெடுஞ்சாலையில் ருடால்ஃப்ஷ்டைன் எல்லைக் கடவு வழியாகச் சுற்றிப் போய், மண்டலத்துக்கு வெளியே வேறு ஊரில்தான் சந்திக்க முடியும். இந்த முரண்தான் ஊரைப் பிரபலமாக்கியது. "குட்டி பெர்லின்" என்று பெயர் வைத்தவர்கள் அமெரிக்க வீரர்கள். 1983 பிப்ரவரியில் அப்போதைய அமெரிக்கத் துணை அதிபர் ஜார்ஜ் புஷ் தென்கரைக்கு வந்து பார்த்தார்.

பெர்லின் சுவர் திறந்தது 1989 நவம்பர் 9. மோட்லராய்டில் ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 9 அன்றுதான், சுவரில் நடந்து போகும் வழி திறந்தது. 37 ஆண்டுகளுக்குப் பிறகு ஓடையைக் கால்நடையாகத் தாண்டலாம். 1990 ஜூன் 17 அன்று மண்வாரி எந்திரங்கள் சுவரைத் தள்ளின. எல்லாவற்றையும் தள்ளாமல் சுமார் 100 மீட்டரை விட்டு வைத்தது நல்ல முடிவு. இரு ஜெர்மனிகளும் இணைந்த அக்டோபர் 3க்கு முன்பே, அதே ஆண்டு செப்டம்பரில், அருங்காட்சியகத்துக்கான சங்கம் உருவாகிவிட்டது. எல்லையோர ஊர்கள் பலவற்றில் ஆர்வத்தில் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு, பத்து ஆண்டு கழித்து மாதிரி வேலி செய்து வைத்தார்கள். இங்கே அசலே நிற்கிறது.

இப்போது இரண்டாவது கேள்வி: ஏன் இன்னும் இரண்டு மாநிலம்? 1990இல் இணைந்தவை இரண்டு நாடுகள். மாநிலங்கள் தனித்தனியாகவே நீடிக்கின்றன. 1952இல் கலைக்கப்பட்ட துரிங்கியா மறுபடி உயிர்பெற்றது. ஆகவே 1920இல் இருந்த எல்லை திரும்ப வந்தது. விளைவுகள் சில்லறையானவை, ஆனால் நாள்தோறும் தட்டுப்படும். தென்கரையில் அஞ்சல் எண் 95183, வடகரையில் 07926. தொலைபேசிக் குறியீடு வேறு. வண்டிப் பலகையில் தெற்கே ஹோஃப் மாவட்ட எழுத்துகள், வடக்கே சாலே-ஓர்லா மாவட்ட எழுத்துகள். இரண்டு மேயர், இரண்டு காவல்துறை, இரண்டு பாடத்திட்டம். விடுமுறைகூட ஒன்றல்ல. ஜனவரி 6, கிறிஸ்துவின் திருவுடல் திருநாள், நவம்பர் 1 ஆகியவை பவேரியாவில் விடுமுறை. துரிங்கியாவில் அக்டோபர் 31 சீர்திருத்த நாளும், 2019 முதல் செப்டம்பர் 20 குழந்தைகள் நாளும் விடுமுறை. தெற்கே "க்ரூஸ் காட்" என்று கடவுளை இழுத்து வணக்கம் சொல்வார்கள். வடக்கே "கூடன் டாக்".

சேர்க்கவே முடியாதா என்றால், சட்டம் இடம் தருகிறது. ஜெர்மன் அரசியல் சட்டத்தின் 29ஆம் பிரிவின்படி, 50,000 பேருக்கு மிகாத பகுதியை மாநிலங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்து மாற்றிக்கொள்ளலாம். 1993இல் எல்பே ஆற்றங்கரையின் நாய்ஹவுஸ் பகுதி மெக்லன்பர்க்-மேற்கு போமரேனியாவிலிருந்து கீழ் சாக்சனிக்குப் போனது ஒப்பந்தத்தின் வழியாகத்தான். ஆனால் அங்கே மக்கள் கேட்டார்கள். அந்த நிலம் 1945 வரை அந்தப் பக்கத்தோடு இருந்தது. மோட்லராய்டுக்கு அப்படி மீட்டெடுக்க வேண்டிய பழைய ஒற்றை நிர்வாகம் எதுவும் கிடையாது. தென்கரை துரிங்கியாவோடோ வடகரை பவேரியாவோடோ என்றும் இருந்ததில்லை. 1810இன் கோடு மீண்டும் வெறும் நிர்வாகக் கோடாக மாறியதே போதும் என்று இருக்கிறார்கள் போலும்.

போய்ப் பார்க்க நினைப்பவர்களுக்கு: ரயிலில் ஹோஃப் வரை போகலாம், அதன் பிறகு பேருந்து அருமை, கிராமப்புற நேர அட்டவணை, சனி ஞாயிறு இன்னும் மோசம். கார்தான் சரி. ஏ72 நெடுஞ்சாலையில் ஹோஃப்/டோப்பன் வெளிவழியில் இறங்கினால் பக்கம். வழிகாட்டிச் செயலியில் ஊர்ப் பெயரை மட்டும் அடித்தால் எந்தக் கரையில் கொண்டுபோய் விடும் என்று சொல்ல முடியாது, இரண்டு அஞ்சல் எண்களில் ஒன்றையும் சேர்த்து அடியுங்கள். அருங்காட்சியகத்தில் முதலில் திறந்தவெளிப் பகுதியைப் பாருங்கள். அங்கே ஓடையின் தென்கரையில் நின்று எல்லைக்கல் எங்கே, நீர் எங்கே, சுவர் எங்கே என்ற மூன்றையும் பிரித்து அடையாளம் கண்ட பிறகு உள்ளே போனால் வரைபடங்கள் எளிதில் புரியும். குளிர்காலத்தில் பனி மூடிவிட்டால் கற்களும் ரோந்துப் பாதையும் தெரியாது. மே முதல் அக்டோபர் வரை நல்லது. நேரம் மிச்சமிருந்தால் பழைய எல்லைப் பட்டையிலேயே நடக்கலாம். ஏறக்குறைய நாற்பது ஆண்டு பயிரும் உரமும் படாத அந்த நிலத்தை இன்று "பசுமைப் பட்டை" என்று பாதுகாக்கிறார்கள். துளைப் பலகைகளில் நடக்கும்போது கணுக்கால் பிசகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கெட்டியான அடிப்பாகமுள்ள காலணி வேண்டும்.